மூடியில் மட்டும் எழுதிய எண்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேனே என்று திட்டாதே, மன்னித்துக்கொள். மணி ஒன்றரை ஆகப்போகிறது. பாப்பா தூங்கி, அம்மா தூங்கி, இவரும் தூங்கின பிறகுதான் இந்த வீட்டில் மேசை எனக்குக் கிடைக்கிறது. போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். "யாரு, பெரியவளா? என்னைப் பத்தியா பேசுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் காகிதம்.

இங்கே எல்லாரும் நலம். பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. தவழத் தெரியவில்லை, உருளத் தெரிகிறது. நினைத்த இடத்துக்கு உருண்டே போய்விடுகிறாள். அம்மா சமையலறை அலமாரியைத் தினமும் மாற்றி அடுக்குகிறாள். மருந்துக் கடையில் இருபத்தாறு வருஷம் நின்ற கை அல்லவா, டப்பாக்களை எழுத்து வரிசையில்தான் வைப்பாள். உப்பு எங்கே என்று எனக்குத் தெரிவதில்லை, அவளைத்தான் கேட்கிறேன். சரியாக எடுத்துத் தருகிறாள். தந்துவிட்டு, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்கிறாள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "உங்கம்மா குழந்தை மாதிரி ஆயிட்டாங்க" என்று ஒரே வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில் குளிப்பாட்டிப் பார்த்தவள் யாரும் அப்படிச் சொல்லமாட்டாள். பாப்பாவுக்குத் தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாது. அம்மாவுக்குத் தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் உன் லேபுக்கு வந்து நானும் அம்மாவும் தோல் கொடுத்தோமே, கையில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்களே, அந்தப் புண் ஆறிவிட்டது. பருப்பளவு தழும்புதான். ஆனால் அதில் என்ன தெரிந்தது என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிவை யாருக்கும் சொல்லமாட்டோம் என்று தாளில் கையெழுத்து வாங்கினீர்கள், ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

போன வாரம் பாப்பாவின் பால் புட்டியைக் கொதிக்க வைத்துவிட்டு மறந்தேன். தண்ணீர் வற்றிப் புட்டி உருகிப்போனது. நேற்று இவரிடம் வடிகட்டியை எடுத்துத் தரச் சொல்ல வாயைத் திறந்தால், அந்தச் சொல் வரவே இல்லை. ஒரு நிமிஷம் கையைக் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குத் தொடங்கும்போது ஐம்பத்துநாலு. எனக்கு இருபத்தொன்பது. இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "நீ சாவிய மறந்தா அது வியாதி, நான் மறந்தா மட்டும் சோம்பேறித்தனமா?" என்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தால் சொல்.

அன்புடன்,
உன் சின்னு


மார்ச் 11

அடியே சின்னு,

ஏழு மாதமாக ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் தூங்காத எவளுக்கும் வடிகட்டி ஞாபகம் வராது. எனக்கு எந்தக் குழந்தையும் இல்லாமலே போன மாதம் என் சொந்தச் செல் நம்பர் ஞாபகம் வரவில்லை. முதலில் தூங்கு. மாப்பிள்ளையிடம் ஒரு ராத்திரியாவது பாப்பாவைக் கொடு. உருண்டு போனால் அவரும் பின்னாலேயே உருளட்டும்.

நீ வேதியியல் படித்தவள், உனக்குச் சுற்றி வளைக்கத் தேவையில்லை. இந்த மறதி நோய் மூளையில்தான் வேலையைக் காட்டுகிறது. ஆனால் மறதி வெளியே தெரிவதற்குப் பத்து, பதினைந்து வருஷம் முன்பே உள்ளே ஆரம்பித்துவிடுகிறது. உயிரோடு இருப்பவரின் மூளையைக் கிள்ளிப் பார்க்க முடியாது. அதனால் தோல் செல்லையோ இரத்தச் செல்லையோ எடுத்து, நோயின் அடையாளம் அங்கேயும் பதிந்திருக்கிறதா என்று தேடுகிறோம். பயோமார்க்கர் என்று பெரிய பேராகச் சொல்வார்கள். நாங்கள் 'அடையாளம்' என்கிறோம்.

என் வேலை இதில் சின்னது. உன் தோல் துணுக்கை ஒரு குடுவையில் போட்டு, இளஞ்சிவப்புத் தண்ணீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து வளர்ப்பேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுவேன். செல்கள் தரையெல்லாம் பரவினதும் அதில் ஒரு மருந்தைத் தொட்டு, உள்ளே ஒரு புரதம் எவ்வளவு துள்ளுகிறது என்று அளப்பார்கள். நோய் உள்ளவர்களுக்கு அளவு ஒரு பக்கமாக நிற்கிறது, இல்லாதவர்களுக்கு இன்னொரு பக்கம். நிற்கிறது என்றுதான் எங்கள் நம்பிக்கை. நூற்றுக்கணக்கானவர்களைப் பல வருஷம் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை இது ஆஸ்பத்திரியில் தரும் ரிப்போர்ட் இல்லை. எங்கள் தலைவியம்மா கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார், "இது ஜோசியம் இல்ல. யாராவது ஜோசியமா எடுத்துட்டு வீட்டுக்குப் போனீங்கன்னா வேலையும் இல்ல."

குடுவையில் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் யாருடையது என்பது எங்களுக்குத் தெரியாது. ஆகவே நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் தைலம் அனுப்பியிருக்கிறேன். பாப்பாவுக்கு ஒரு முத்தம்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

தைலம் வந்தது. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "காலாவதி தேதி பாத்தியா?" என்றாள். பார்த்தேன், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

நீ எனக்குப் பொய் எழுதியிருக்கிறாய். கோபமாக எழுதவில்லை, கண்டதை எழுதுகிறேன். அன்றைக்கு டாக்டர் எங்கள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, நீதான் பக்கத்தில் நின்று சின்னக் குழாய்களின் மூடியில் எண் எழுதினாய். எனக்கு எழுதின எண் நாற்பத்தேழு. நம் பழைய வீட்டின் கதவு எண் என்று சொல்லி நீயே சிரித்தாய். அம்மாவுடையது நாற்பத்தாறு. நீயும் கொடுத்தாய், உன்னுடையது நாற்பத்தெட்டு, ஏனென்றால் நீதான் கடைசியாகச் சட்டைக் கையை மடித்தாய். ஆள் பற்றாக்குறை, பரவாயில்லை, நானே எழுதிடறேன் என்றாய். இதெல்லாம் எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. வடிகட்டிதான் ஞாபகம் இல்லை.

போன ஞாயிறு போனில் "நல்லா தூங்குறியா?" என்று மூன்று தடவை கேட்டாய். பிறகு, இவரைக் கூப்பிட்டு, "அவளை நல்லா பாத்துக்கோங்க மாப்பிள்ளை" என்றாய். கல்யாணத்தன்றுகூட நீ அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. வைத்ததும் இவர் கேட்டார், "என்ன உங்கக்கா திடீர்னு என்னைப் பாத்து உருகுறாங்க? ஏதாவது கடன் கேக்கப் போறாங்களா?" நான் சிரித்து வைத்தேன்.

என் எண்ணைப் பார்த்திருக்கிறாய். சொல். மோசமாக இருந்தால் மோசம் என்றே சொல். தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது. பாப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம், இவளுக்குப் பதினைந்து வயதாகும்போது எனக்கு என்ன வயது என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறேன்.

உன் சின்னு


மார்ச் 28

சின்னு,

சரி. முழுசாக எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

எண்கள் எனக்குத் தெரியும். பிப்ரவரி கூட்டத்தில் சுவரில் பட்டியல் போட்டுக் காட்டினார்கள். நாற்பத்தாறு நோய்ப் பக்கம் இருந்தது, அது அம்மா, எதிர்பார்த்ததுதான். நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் ஒரே பக்கம் இல்லை. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

எந்த எண் எந்தப் பக்கம் என்று எழுதமாட்டேன், ஏனென்றால் அதற்கு இப்போது அர்த்தமே இல்லை. அதை நான்தான் கெடுத்தேன். டிசம்பரில் ஒரு நாள், அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள் என்று நீ லேபுக்குப் போன் செய்தாயே. அப்போது நான் உள்ளறையில் இருந்தேன். அங்கே போன் கொண்டுபோகக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே தலைவியம்மா வந்து நின்று, காதில் கை வைத்து, வீட்டிலிருந்து என்று சைகை காட்டினார். நம் இரண்டு பேர் குடுவைக்கும் அன்று தண்ணீர் மாற்ற வேண்டும். எங்கள் அறைக்கு வந்த முதல் நாள் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு குடுவையைத்தான் திறக்க வேண்டும். பதினோரு வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தது. அன்று சீக்கிரம் முடித்துவிட்டுப் போனுக்கு ஓடி வரலாம் என்று இரண்டையும் ஒன்றாகத் திறந்தேன். இரண்டு மூடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

குடுவையின் உடம்பிலும் எண் எழுத வேண்டும். ஸ்பிரிட்டால் துடைக்கும்போது அழிந்துவிடுகிறது என்று நான் மூடியில் மட்டும் எழுதியிருந்தேன். எந்த மூடி எதற்குப் போனது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. வெளியே வந்து போனை எடுத்தபோது நீ, "கெடைச்சுட்டாங்க அக்கா, ரெண்டு தெரு தள்ளி மருந்துக் கடை வாசல்ல நிக்கிறாங்க, பாப்பா தூங்குது" என்று அழுதாய். அந்த நிம்மதியில் மூடியைப் பற்றி யோசிக்கவே இல்லை. பட்டியலைப் பார்த்த அன்றுதான் யோசித்தேன்.

மறுநாளே தலைவியம்மாவிடம் சொன்னேன். "சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சொன்னதால நீ இன்னும் இங்க இருக்கே" என்றார். இரண்டு எண்ணையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். இனி வேலை செய்கிறவர்களின் குடும்பத்திலிருந்து யாரையும் சேர்ப்பதில்லை என்று விதியும் போட்டாயிற்று.

கேள், இன்னும் இருக்கிறது. செல்கள் உறைநிலையில் இருக்கின்றன. அதை எடுத்து மறுபடி வளர்த்து, மரபணுவைப் பிரித்து, என் கன்னத்துக்குள் தேய்த்து எடுத்த பஞ்சோடு ஒப்பிட்டால் எது என்னுடையது என்று தெரிந்துவிடும். மூன்று வாரமாவது ஆகும். ஆனால் யோசித்துப் பார், என்னுடையது எது என்று தெரிந்த நிமிஷமே உன்னுடையதும் தெரிந்துவிடும். ஒருத்திக்கு மட்டும் தெரிந்துகொள்ள வழி இல்லை. அதனால் உன்னைக் கேட்காமல் நான் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.

என்னைக் கேட்டால் எனக்கு வேண்டாம். மைக்ராஸ்கோப் பழுது பார்க்க வருகிறாரே, அந்த மெக்கானிக், அவர் இரண்டு வருஷமாக என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போன தடவை, "என்ன பதில்னாலும் சரிங்க, அடுத்த சர்வீஸுக்குள்ள சொல்லிடுங்க" என்றார். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகச் சரி என்று சொல்லிப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. அதற்கு முன்னால் குடுவையைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டுமா?

நீ யோசித்து எழுது.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

நாலு நாளாக யோசித்தேன். எனக்குத் தெரிய வேண்டும்.

நீ செய்த தப்புக்கு நான் கோபப்படவில்லை. அன்று போன் செய்தது நான்தானே. மெக்கானிக் விஷயம் சந்தோஷம், உண்மையாகவே சந்தோஷம். ஆனால் உன் நிலைமை வேறு, என் நிலைமை வேறு. உனக்கு உன்னை மட்டும் பார்த்தால் போதும். எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இன்னொன்று வேண்டுமா வேண்டாமா என்று நானும் இவரும் முடிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு நான் இருக்கிறேன். எனக்கு அப்படி ஆனால் பாப்பா பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு என்னைக் குளிப்பாட்டுவாளா? முன்கூட்டியே தெரிந்தால் ஏதாவது ஏற்பாடு செய்யலாம். என்ன ஏற்பாடு என்று கேட்காதே, தெரியாது. ஏதாவது.

நேற்று அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல. நீ ரொம்ப பயந்த மாதிரி இருக்கே. சாப்பிட்டியா?" என்றாள். அந்த நிமிஷம் அவள் பழைய அம்மாவாகவே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார். முடிவு எதுவானாலும் எழுது.

உன் சின்னு

பி.கு. உன்னை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதினது சரியில்லை. அடிக்கலாமா என்று பார்த்தேன், காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.


ஏப்ரல் 12

சின்னு,

பார்த்தாயிற்று. நோய்ப் பக்கம் இருப்பது என்னுடையது. உன்னுடையது நல்ல பக்கம். துளி சந்தேகம் இல்லை.

ஜோசியம் இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன், ஆகவே எனக்காக நீ உட்கார்ந்து அழ வேண்டாம். உனக்காக நன்றாகத் தூங்கு. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் பெற்றுக்கொள். மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சரிங்க" என்றார், லென்ஸைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். பாப்பாவின் போட்டோ அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்ததும் நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் சுற்றினேன். சுற்றினதைப் பார்த்து அம்மா கை தட்டினாள். இவர் ஆபீஸிலிருந்து வந்ததும், "என்ன, லாட்டரியா?" என்றார். ஆமாம் என்றேன். யாருக்கு விழவில்லை என்று அப்போது நினைக்கவே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும்போதுதான் நினைத்தேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். உன் செலவில் கூடத்தைச் சுற்றியிருக்கிறேன்.

மறுநாள் இவரிடம் உன் கடைசி இரண்டு கடிதத்தையும் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் கணக்குப் பார்க்கிற மனுஷன், உனக்குத்தான் தெரியுமே. "மூணு வாரம் ஆகும்னு எழுதியிருக்காங்க. கேக்காம தொடமாட்டேன்னும் எழுதியிருக்காங்க. நீ மூணாந்தேதி எழுதினே. பன்னிரண்டாந்தேதி முடிவு வந்துருச்சு. உங்கக்கா லேப்ல செல்லு எல்லாம் ஓவர்டைம் பாக்குதா?" என்றார்.

நீ குடுவையைத் தொடவே இல்லை. அப்படித்தானே?

நான் ஏழாம் வகுப்பில் மார்க் சீட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டேன். அடி வாங்கியது நீ. அப்போதும் இப்படித்தான், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "நான்தான்" என்று முன்னால் வந்து நின்றாய். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். இந்தத் தடவை நிற்கமாட்டேன். நீ எழுதினதை நான் நம்பவில்லை. நம்பிக்கொள்வது சுலபமாகத்தான் இருந்திருக்கும். ஒரு நாள் நம்பிப் பார்த்தேன், அதனால் தெரியும்.

ஆகவே நான் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். குடுவைகள் உறைந்தபடியே இருக்கட்டும். உன்னுடையது எது, என்னுடையது எது என்று பார்க்க வேண்டாம். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே, வரவில்லை. இன்று காலை பாப்பாவின் தடுப்பூசிச் சீட்டை எங்கே வைத்தேன் என்று வீடு முழுக்கத் தேடினேன். சீட்டு என் கையிலேயே இருந்தது. அந்தப் பயம் இருக்கத்தான் போகிறது. ஆனால் இந்த வியாதி வருமானால், அது எனக்கு வராது, உனக்கு வரும் என்று தெரிந்துகொண்டு தூங்குவதைவிட, யாருக்கென்று தெரியாமல் விழித்திருப்பது எனக்கு ஒத்துவருகிறது. உங்கள் ஆய்வு முடிந்து, நிஜமான டெஸ்ட் என்று ஒன்று வந்து, வியாதி வந்தால் கொடுப்பதற்கு மருந்து என்றும் ஒன்று இருக்கும் நாளில், இரண்டு பேரும் ஒன்றாகப் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கை நீட்டுவோம். அன்றைக்கு மூடியில் வேறு யாராவது எழுதட்டும்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். பகலில் ஒரு அம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார், போன திங்களிலிருந்து. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். வந்த முதல் நாளே அம்மா அவரை, "உங்களுக்கு என்ன மருந்து வேணும்?" என்று கேட்டாள். அவர் சளைக்காமல், "தலைவலிக்கு ஏதாவது குடுங்கம்மா" என்றார். அம்மா அலமாரியிலிருந்து மிளகு டப்பாவை எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள் என்றாள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது. எனக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் தூக்கம் கிடைக்கிறது. இதை நான் ஆறு மாதம் முன்பே செய்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் நானே பார்த்தால்தான் மகள் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பில் நீயும் நானும் ஒரே ரகம்.

இனி மெக்கானிக். அவரிடம் எந்தக் காரணம் சொல்லி வேண்டாம் என்றாய் என்று எனக்குத் தெரியாது. குடுவைதான் காரணம் என்றால், அந்தக் காரணம் பொய் என்று உனக்கே தெரியும். நாளைக்கே அவரைக் கூப்பிட்டு நிஜத்தைச் சொல். எங்கம்மாவுக்கு இந்த வியாதி, எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியின் செல்லில் ஒரு அடையாளம், எவள் என்று எங்களுக்கே தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை என்று சொல். கேட்டுவிட்டு அவர் எழுந்து போனால் போகட்டும், அது அவர் பாடு. அவருக்காக நீயே எழுந்து போகாதே. எனக்கு ஒரு மாமா இல்லாமல் நீ செய்தது போதும்.

பாப்பா போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். வாய் முழுக்க இருப்பது மண், நான் கொடுத்த சாப்பாடு இல்லை.

குடுவையைத் தொட்டாயா இல்லையா, அவரிடம் பேசினாயா, அவர் என்ன சொன்னார், இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். போனில் சொல்லாதே, அம்மா கேட்டுவிடுவாள், உனக்கும் போனில் பொய் சொல்வது சுலபம். காகிதத்தில் எழுது. சீக்கிரம் பதில் போடு அக்கா.

உன் சின்னு